பதினொன்று இருபது

நாளைக்குள் வினாத்தாள் போயாக வேண்டும்.
ஏழாம் கேள்வி, பகுதி ஆ,
இன்னும் காலியாகக் கிடக்கிறது.
போன வருஷம் அந்த இடத்தில் ஒரு வங்கி இருந்தது,
ஊர் பேரில்லாத வங்கி:
மணிக்கு முப்பது பேர் வருகிறார்கள்,
ஒருவருக்கு ஒன்றரை நிமிடம்,
சராசரிக் காத்திருப்பு எவ்வளவு?
நாலரை நிமிடம்.
எல்லோரும் சரியாக எழுதினார்கள்.
கால் கடுத்தவர் யாருமில்லை.

இந்த ஆனியில் நாலு பேரை
குலசேகரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.
மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிர்பெஞ்சு,
ஆளுக்கொரு நோட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச்.
முதல் நாளே ரெக்சின் போன் பண்ணினான்:
"மிஸ், புக்குல உள்ள மாதிரி யாரும் வரல்ல.
வந்தா மொத்தமா வாறாங்க,
இல்லன்னா ஒருத்தருமில்ல."

பஸ் வந்தால் வரிசை வரும்.
மழை பெய்தால் இன்னும் வரும்:
ரப்பரில் பால்வெட்டு இல்லாத நாளில்தான்
முதுகுவலிக்கு நேரம் கிடைக்கிறது.
வருகை வீதம் என்று நான் போர்டில் எழுதும்
அந்தக் கிரேக்க எழுத்து
மழையில் நனையும் என்பது
பதினோரு வருஷம் பாடம் நடத்தியும்
எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் ஒரு வழி சொன்னார்கள்.
பிரஷருக்கும் சுகருக்கும் மாதாமாதம் வருபவர்களின் மாத்திரையை
முந்தின நாளே கட்டி வைப்பது,
அவர்களுக்குத் தனி ஜன்னல்.
மருந்தாளுநர் விலாசினி கொஞ்சம் முனகிவிட்டு
ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.
நாற்பத்தொரு நிமிடம் இருபத்தாறானது.
அபிஷா வரைபடத்தைக் கொண்டுவந்தாள்.
ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கி வரச் சொன்னேன்,
ஆளுக்கு ரெண்டு.

ரிஸானா மட்டும் எடுக்கவில்லை.
இன்னொரு நோட்டு வைத்திருந்தாள்,
யாரும் கேட்காத நோட்டு.
பதினொன்று பத்துக்கு வரிசை தானாகச் சுருங்குகிறது.
பதினொன்று இருபதுக்குக் கோதையாறு பஸ்.
அதை விட்டால் மூணே முக்காலுக்கு.
"பஸ்ஸு போயிரும் மக்களே,
மாத்திரை பொறவு வாங்கலாம்"
என்று லில்லிபாய் என்றொருவர்
சீட்டைக் குடைக்குள் செருகிக்கொண்டு ஓடினார்.
அவரைப்போல் வாரத்தில் பதினேழு பேர்.
எங்கள் கணக்கில் அவர்கள்
காத்திருந்து முடித்தவர்கள்.

"வரிசை குறைஞ்சது நம்மாலயா, பஸ்ஸாலயா மிஸ்?"

பஜ்ஜி எண்ணெய் வரைபடத்தில் ஊறி
இறங்குகோட்டின் வழியே
மேஜை தெரிந்தது.

மறுவாரம் ஜன்னலில் முதல் கேள்வி மாறியது.
பெயருக்கு முன்னால், எந்த பஸ்?
கோதையாறுச் சீட்டுக்கெல்லாம் துணிக் கிளிப், நீலநிறம்.
அன்றைக்கே ஒருவர் சத்தம் போட்டார்:
"எட்டு மணிக்கே வந்து நிக்கேன்.
வீடு பக்கத்துலன்னா அது எங்குத்தமா?"
அவர் சொன்னதும் நியாயம்தான்.
ரெக்சின் அவர் வந்த நேரத்தைக் குறித்தான்,
ஏழு ஐம்பத்தெட்டு,
வேறென்ன செய்வதென்று தெரியாமல்.

இப்போது எழுதுகிறேன். ஏழு, ஆ:
ஒரு மருந்து ஜன்னல். மழைநாள்.
பதினொன்று இருபதுக்கு ஒரு பஸ்.
வரிசையை விட்டுப் போனவரை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?
ஏழு ஐம்பத்தெட்டுக்கு வந்தவரிடம் என்ன சொல்வீர்கள்?
எட்டு மதிப்பெண்.

விடைக்குறிப்பு இணைக்காத வினாத்தாள்
ஏற்கப்படாது என்கிறது சுற்றறிக்கை.
முதல் பாதிக்கு நாலு என்று போட்டேன்.
மற்ற நாலுக்கு நேராகப் பேனா நிற்கிறது.

தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது.
வடக்கே மலைப்பக்கம் நல்ல இருட்டு.
நாளைக்குப் பால்வெட்டு இருக்காது.
வினாத்தாளைத் தள்ளிவைத்து
விலாசினிக்குப் போன் போடுகிறேன்:
காலையில் ரெண்டு ஜன்னலும் திறக்கணும்,
கிளிப் போதுமா?