அரை இழுவை

அக்டோபர் கடைசி இரவு.
ஹட்சன் வளைகுடா இன்னும் உறையவில்லை.
பனிக்கட்டி பிடிக்கும்வரை கரடிகளுக்கு வேலையில்லை,
எங்களுக்கு இருக்கிறது.

பிள்ளைகள் பேய்வேடத்தில்
வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகிறார்கள்.
குளிரங்கிக்கு மேல் மாட்டிய வௌவால் சிறகு பிதுங்குகிறது.
சூனியக்காரிக்கு மூக்கு ஒழுகுகிறது.
இந்த ஊரில் வெள்ளை வேடம் கூடாது:
பேய்களெல்லாம் ஆரஞ்சுப் பேய்கள்.

பள்ளிக்கூடத்துப் பின்பக்கம்
வண்டியை அணைக்காமல் நிற்கிறோம்,
நானும் ஹாஸ்கெட்டும்.
என் துப்பாக்கியில் வெடிச்சத்தம் மட்டும்.
அவன் துப்பாக்கியில் ஈயம்.
என் தோட்டா பறந்துபோய் வெடிக்கும்.
கரடிக்கு முன்னால் வெடிக்க வேண்டும்.
தலையைத் தாண்டி முதுகுக்குப் பின்னால் வெடித்தால்
அது ஓடிவரும் திசை
நான்.

ஜூலையில் குப்பைமேட்டுக்கு அப்பால் பழகினேன்.
முதல் வாரம் தோள் கத்தரிக்காய் நிறம்.
பயந்து பயந்து, உடம்பில் படாமல் பிடித்திருந்தேன்.
இடைவெளி விட்டால் உதைக்கும்,
ஒட்டிக்கொண்டால் வெறுமனே தள்ளும்.
இதைத் தோள்தான் கண்டுபிடித்தது, நான் இல்லை.

தோள்குழியில் கட்டை.
கட்டையில் கன்னம்; கன்னத்தைக் கொண்டுபோகாதே,
கட்டையைக் கன்னத்துக்குக் கொண்டுவா.
இடதுகால் முன்னே, முழங்கால் கொஞ்சம் இளக,
எடை முன்பாதத்தில்.
சுடும் நொடிவரை ஆள்காட்டி விரல்
விசைக்கு வெளியே, இரும்போடு நீட்டிப் படுத்திருக்கட்டும்.
இடதுகை முன்கட்டையை முன்னே தள்ளும்,
வலதுகை பிடியைத் தோளுக்குள் இழுக்கும்,
ஒரே நேரத்தில், ஒரே பலத்தில்.
பார்ப்பவனுக்கு நான் சும்மா நிற்பதாகத் தோன்றும்.

(நானும் எர்லும் பதினோரு வருடம்
அப்படித்தான் குடும்பம் நடத்தினோம்.
பக்கத்து வீட்டுக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லை.)

வெடித்த மறுகணம் இடதுகை கட்சி மாற வேண்டும்.
தள்ளிய கையே இழுக்க வேண்டும், கடைசிவரை,
இரும்பு இரும்பில் முட்டும்வரை.
அப்போதுதான் வெற்றுத்தோட்டா வெளியே துள்ளும்.

எட்டே காலுக்கு வந்தது.
குப்பைத்தொட்டிக்கும் ஊஞ்சலுக்கும் நடுவே,
வாடகை பாக்கி கேட்க வந்தவன் மாதிரி, அவசரமில்லாமல்.
சுட்டேன்.
அதன் மூக்குக்கு இருபதடி முன்னால்
காற்று கிழிந்தது.
கரடி நின்றது.
உட்கார்ந்தது.
வாசனை பிடித்தது.

இழுத்தேன்.
தடித்த கையுறை, வழுக்கும் கட்டை,
அரைக்கிணறு தாண்டினேன்.
வெற்றுத்தோட்டா வாயில் சிக்கி நின்றது
பித்தளைப் பல் மாதிரி.

"வெர்லின்."
ஹாஸ்கெட் அவ்வளவுதான் சொன்னான்.
அவன் கட்டை கன்னத்துக்கு ஏறும் உரசல்
என் காதில்.
கரடி எழுந்தது.
நான் தவறினால் சாவது நான் அல்ல என்பது
அப்போதுதான் உறைத்தது.

கையுறையைப் பல்லால் கழற்றினேன்.
இரும்பு விரலைச் சுட்டது, குளிரால்.
இழுத்தேன், முட்டும்வரை.
விழுந்தது.
இன்னொன்றைத் திறப்புக்குள் இட்டேன், தள்ளினேன், பூட்டியது.
தள்ளு. இழு. கன்னம்.
வெடித்தது.

கரடி ஓடவில்லை.
திரும்பியது.
நாளைக்கு வருகிறேன் என்ற முதுகோடு
கடல் பக்கம் நடந்தது.
ஹாஸ்கெட் மூச்சை விட்டான், புகைபோல.

மூலையில் காவலுக்கு நின்றவர்களைத் தாண்டி
ஓர் ஆரஞ்சுப் பேய் ஓடிவந்தது.
"இன்னொரு தடவை வெடிங்க!"
"இன்றைக்குப் போதும்."
யோசித்துவிட்டு,
பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்து நீட்டியது.

துப்பாக்கி இப்போது வண்டியில்,
வாய் திறந்து, காலியாக.
மிட்டாய்த்தாளின் இரு முனைகளையும் பிடித்தேன்.
ஒரு கைதான் இழுக்கிறது.
இடதுகை
இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது.