ஆட்சேபணை ஏதுமில்லை

வரைபடம் சுவரில் ஒட்டாமல் மூன்று முறை நழுவியது.
மழை விட்டு நாலு நாள் ஆகவில்லை,
சமுதாயக் கூடத்துச் சுண்ணாம்பில் ஈரம்.
கடைசியில் டென்னிசனும் அவன் மச்சினனும்
ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பச்சை, நஞ்சை.
பழுப்பு, ரப்பரும் தென்னையும்.
மஞ்சள், வருங்காலக் குடியிருப்பு.
நீலம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டுவிடுவார்களோ என்று
நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் ஒன்று, கிராம சபை.
ரசவடைக்கு ஒதுக்கிய தொகை முதற்கொண்டு
எல்லாம் என் கையெழுத்தில்.
பதினோரு வருஷமாக இந்த ஊரின் வாயை
நான்தான் எழுதிவருகிறேன்.
'விவாதிக்கப்பட்டது' என்றொரு சொல் உண்டு,
ஒரு லோடு செம்மண்ணை அதற்குள் கொட்டலாம்.
'ஒருமனதாக' என்பது ரோலர்.
ஒரு தடவை ஓடினால் போதும்,
மேடு பள்ளம் தெரியாது.

பொருள் எண் ஏழு.
நாகர்கோவிலிலிருந்து வந்த அலுவலர்
மஞ்சளுக்குள் விரல் வைத்தார்.
"இது ஆகஸ்டிலேயே உங்கள் சபை ஒத்துக்கொண்டது.
இன்றைக்குத் தகவலுக்கு மட்டும்."

பின்வரிசையில் எழுந்தாள் ரெத்தினபாய்,
தோளில் துவர்த்து.
"ஆகஸ்டுல எழுதினத ஒண்ணு வாசியும் சாரே."

வாசித்தேன்.
புல எண் இருநூற்றுப் பன்னிரண்டு,
பயன்பாடற்ற பள்ளம்,
வகை மாற்றம் செய்ய ஆட்சேபணை ஏதுமில்லை,
வருகை நூற்று நாற்பத்தாறு.

"பேர வாசியும்."

பேரை இதுவரை யாரும் கேட்டதில்லை.
ஒவ்வொரு பேருக்கும் ஒரு தலை நிமிர்ந்தது.
முப்பத்தொன்பதாவது பேருக்குச் சிரிப்பு.
செல்லம்மைக்கு ஆடியிலேயே
அடியந்திரம் கழிந்திருந்தது.
சிரித்தவர்களே பிறகு நிறுத்தினார்கள்.

தொண்ணூற்றிரண்டு, ரெத்தினபாய்.

"எனக்க கையெழுத்துதான். இல்லேங்கல.
ஆனா அது மே மாசம்
கைதக்குளத்துல சேறு வாரினதுக்குப் போட்டது.
கூலிக்குப் போட்ட கையெழுத்து
கொளத்துக்கு எதிரா எப்பிடி எழும்பி நிக்குது?"

அவள் குரல் உயரவில்லை.
உயர்ந்திருந்தால் எனக்கு எளிது,
'சலசலப்பு' என்று எழுதி மூடியிருப்பேன்.
தலைவர் என்னைப் பார்த்தார். அலுவலர் கடிகாரத்தை.
டென்னிசன் முனையை விட்டுவிட்டான்,
வரைபடம் மச்சினன் கைக்குள் போய்ச் சுருண்டது.

கேட்டார்கள்.
எந்தத் தேதி, யாருடைய மேசை,
நூறு நாள் வேலைத் தாளை
எந்த ஊசியால் இதோடு தைத்தாய்?
சொன்னேன். முழுவதும் அல்ல.
தக்கலையில், அலுவலகப் படிக்கட்டில் நின்று
'சும்மா சேர்த்துவிடு' என்றவரின் பேர்
இப்போதும் தொண்டையில் கிடக்கிறது.

புதுத் தீர்மானத்தை நான்தான் எழுத வேண்டுமாம்.
வேறு ஆள் வேண்டாம், அதே கை.
எழுதினேன்: கைதக்குளம்.
பள்ளம் அல்ல. மடை இரண்டு.
பாயும் ஏலா பதினேழு ஏக்கர்.
"தாராவ விட்டுட்டீரே" என்றார் சுயம்புலிங்கம்,
அவருக்கு அறுபது தாரா.
அதையும் எழுதினேன்.
ஆட்சேபணை என்ற சொல்லுக்குப் பின்னால்
'உண்டு' என்று எழுதிக் கைக்குப் பழக்கமில்லை.
முதல் சுழி உடைந்தது.

மேலே என்ன எழுதியிருக்கிறது என்று
வாசித்துவிட்டுத்தான் ஒவ்வொருவரும் பேனாவைத் தொட்டார்கள்.
எழுத்துத் தெரியாதவர்களுக்கு ரெத்தினபாய் வாசித்தாள்,
அடித்தல் திருத்தல் உட்பட.
ரசவடை ஊறிக் குழைந்துபோயிற்று.
மொத்தம் எண்பத்து மூன்று பேர்.
பதினோரு வருஷத்தில் நான் எழுதிய
மிகச் சிறிய எண்.

போகிற வழியில் சைக்கிளை நிறுத்தினேன்.
குளத்தின் தெற்குக் கரையில்
ஒரு லோடு செம்மண்
எப்போதோ வந்து கிடந்தது,
மழையில் கரைந்து, கொஞ்சம் கொஞ்சமாக
வெள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டு.
அதை யார் அள்ளுவது என்று
தீர்மானத்தில் எழுதவில்லை.