பாடநூல், ஒரு ஜோடி

நவம்பர். மெய்ன் மாநிலத்தின் வடகோடி.
நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.
கல்லூரியின் நிதியுதவி அறையில்
நானும் ஹீட்டரும்தான்,
மாறி மாறி முனகிக்கொண்டு.

விண்ணப்பம் நாற்பத்தொன்று.
பிரின் சூசி, இரண்டாம் ஆண்டு,
உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி.
கேட்பது எழுபத்தெட்டு டாலர்.
'காரணம்' என்ற கட்டத்துக்குத்
தீப்பெட்டியளவு இடம்.
அதற்குள் நெருக்கி எழுதியிருந்தாள்:
ஷூ. என்னுடையது கறுப்பு அடி.
பள்ளி ஜிம் தரையில் கோடு விழுகிறது.
வகுப்பு முடிந்ததும் முட்டிபோட்டுத் துடைத்துவிட்டுத்தான் வருகிறேன்.

விதிகள் என் மேசையில், சிவப்பு அட்டைக்குள்.
புத்தகம் உண்டு. ஆய்வகக் கட்டணம் உண்டு.
பனிக்காலமென்றால் கார் பேட்டரிகூட உண்டு.
உடை, காலணி கூடாது.
நர்சிங் பெண்ணுக்கு ஸ்டெதஸ்கோப் கொடுத்திருக்கிறோம்,
வெல்டிங் பையனுக்கு முகக்கவசம்.
ஓடச் சொல்லித்தரப் போகிறவளுக்கு மட்டும்
கால் எப்படிச் சொந்தச் செலவாயிற்று?

என் மைத்துனன் ரெஜி சிரிப்பான்:
'விசில் ஊத நாலு வருஷப் படிப்பா?'
அவனுக்கு நூலகத்தின் கீழ்த்தளத்தைக் காட்டவேண்டும்.
அங்கேதான் இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கும் மேசை.
மணிக்குப் பன்னிரண்டு டாலருக்கு
ஜூனி பாமர்லோ உட்கார்ந்திருப்பாள்.
சம்பளச் சீட்டு வாங்க வந்தபோது அவள்தான் சொன்னாள்.

உடற்கூறியல் முதல் தேர்வில் பிரின் முப்பத்தெட்டு.
உருளைக்கிழங்கு அறுவடைக்கு
ஊர்ப் பள்ளிகளெல்லாம் மூடிய மூன்று வாரமும்
எந்திரத்தின் மேல் நின்று கல் பொறுக்கியிருக்கிறாள்,
கல்லூரி மூடவில்லை என்றாலும்.
'எந்தப் பெயரும் தலையில் நிற்கவில்லை' என்றாளாம்.
'பெயரை விடு. எங்கே வலித்தது, காட்டு.'
தோள்பட்டைக்கு உள்பக்கம், முதுகெலும்பை ஒட்டி
கையை வளைத்துத் தொட்டுக் காட்டினாள்.
'அதுதான் ராம்பாய்ட்.'
கொஞ்ச நேரம் பேசவில்லையாம் பிரின்.
பிறகு, 'எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அங்கேதான் வலி.
அதற்கு ஒரு பெயர் இருக்கிறதென்று யாருமே சொன்னதில்லை.'
அடுத்த தேர்வில் எழுபத்தொன்று.
அற்புதமெல்லாம் இல்லை. தேறினாள்.

அன்று மாலை படிவத்தைத் திறந்தேன்.
வகை: பாடநூல்.
தலைப்பு: ஒரு ஜோடி, வெள்ளை அடி.
பதிப்பு: எட்டரை.
ஆசிரியர் பெயர் என்ற இடத்தில்
கொஞ்சம் தயங்கி
சூசி என்று போட்டேன்.

என் மகன் கோல்பிக்கு எட்டு வயது.
ஜிம் வகுப்பில் அவன் இடம் சுவர்.
பந்து வரும் திசைக்கு எதிர்த்திசையில்
தோளைக் குறுக்கி ஒட்டிக்கொண்டு நிற்பான்.
நானும் அப்படி நின்றவன்தான்;
அதை அவனிடம் சொன்னதில்லை.

டிசம்பர் முதல் வாரம், சூப் ஆறிக்கொண்டிருந்தபோது
அவனாகவே ஆரம்பித்தான்:
'பயிற்சிக்கு ஒரு மிஸ் வந்திருக்காங்க.
நடந்தா ஷூ கீச்சு கீச்சுங்குது.
சுவர்கிட்ட வந்து என் பக்கத்துல நின்னாங்க.
ஏன் விளையாடலைன்னு கேக்கவே இல்ல.'
'அப்புறம்?'
'சுவரும் ஆடுது, பந்தைத் திருப்பிப் போடுது பாருன்னாங்க.'
'நீ போட்டியா?'
'பதினொண்ணு.'

ஸ்பூனைக் கீழே வைத்தேன்.
மிஸ்ஸின் பெயரைக் கேட்கவில்லை.
கேட்டால்
அலுவலகத்தில் தெரிவிக்கவேண்டிய விஷயமாகிவிடும்.

ஏப்ரலில் தணிக்கைக்கு வந்த பெண்
நாற்பத்தொன்றில் பென்சிலை நிறுத்தினாள்.
'இது என்ன புத்தகம்?'
சொன்னேன், உள்ளதை உள்ளபடி.
எழுபத்தெட்டு டாலரும் என் சம்பளத்தில் பிடித்தார்கள்.
சிவப்பு அட்டைக்குள் விதி அப்படியேதான் இருக்கிறது.
திருத்தக் கோரி எழுதியிருக்கிறேன், இரண்டு முறை.

இப்போது பனி உருகிச் சேறாகிவிட்டது.
காரேஜ் சுவரில் பந்து மோதும் சத்தம்.
சாப்பிட வரச்சொல்லி உள்ளேயிருந்து குரல்.
இரு, எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
இருபத்தாறு.