பென்சில் கணக்கு

மண்டபம் தெற்குத் துறையிலிருந்து மனோலித் தீவுக்கு
ஐம்பது நிமிடம்.
அதில் ஐந்து எப்போதும்
சீனி இபுராம்சாவின் பேனாக் கதைக்கு.

"விண்வெளியில மை இறங்காதாம் டீச்சர்."
(நான் டீச்சர் இல்லை. பவளம் எண்ணும் தினக்கூலி.
இரண்டு வருசமாகத் திருத்திப் பார்த்துவிட்டேன்.)
"அமெரிக்காக்காரன் கோடி கோடியாக் கொட்டி
ஒரு பேனா கண்டுபிடிச்சான்.
ரஷ்யாக்காரன் என்ன செஞ்சான்?"
இங்கே எஞ்சினைக் கொஞ்சம் தணிப்பார்.
"பென்சில எடுத்துட்டுப் போனான்."

பிறகு என் கழுத்தில் தொங்கும் பலகையைக் காட்டுவார்.
நைலான் கயிற்றில் பென்சில் கட்டிய வெள்ளைப் பலகை.
என்னமோ நான்
மாஸ்கோவில் படித்து வந்தவள் மாதிரி.

எனக்கும் பிடித்த கதைதான்.
இரண்டு ஆள் ஆழத்தில் பேனா என்ன செய்யும்?
மான்கொம்புப் பவளம் பதினேழு, வெளுத்தது ஆறு
என்று நீருக்குள் எழுதிக்கொண்டு மேலே வந்தால்
சோப்புப் போட்டுத் தேய்க்கும்வரை போகாது.
சந்தேகப்பட ஒரு காரணமும் இருக்கவில்லை,
கச்சான் காற்று எழும்பி
ஒன்பது நாள் படகு இறங்காமல் கிடந்த வரைக்கும்.

மல்லாந்து படுத்து
நோட்டை முகத்துக்கு மேலே பிடித்து எழுதினேன்.
ஐந்து ரூபாய்ப் பேனா.
என் பெயரில் மூன்றெழுத்து வந்தது,
நாலாவது வெறும் கீறல்.
சரி, இபுராம்சா ஜெயித்தார் என்று எழுந்தவள்
திரும்பவும் படுத்தேன்.
தலைகீழ் வேறு, எடையில்லாமை வேறு.
இங்கே மையைப் பின்னால் இழுக்க
பூமி என்று ஒன்று இருக்கிறது.
அங்கே இழுக்க ஆளில்லை.

உச்சிப்புளியில் ஒரு டார்ச் பல்பு வாங்கினேன்,
இரண்டு பேட்டரி, ஒரு முழம் வயர்.
பென்சிலை மீன் பிளப்பதுபோல் நீளத்தில் பிளந்து
கரிக்குச்சியின் இருமுனையிலும் வயரை வைத்தேன்.
எரிந்தது.
தலைப்பிறை அளவுக்கு, ஆனால் எரிந்தது.

என் பென்சில் நுனி எத்தனை தடவை முறிந்திருக்கும்!
மணலில் விழும், மறந்துவிடுவேன்.
அங்கே விழாது.
மிதந்து திரியும், கண்ணுக்கும் சுவிட்சுக்கும் நடுவே
ஒரு துணுக்கு மின்கடத்தி.

படித்தும் பார்த்தேன்.
முதலில் இரண்டு நாட்டாரும் பென்சில்தான்.
பேனாவைச் செய்தது ஒரு கம்பெனி, சொந்தக் காசில்.
பிற்பாடு இரண்டு நாட்டாரும் அதையே வாங்கினார்கள்,
மொத்த விலைக்கு, ஒன்று மூன்று டாலர்கூட இல்லை.
விலையைக் கேட்டு அந்த ஊர்க்காரர்கள் கொதித்தது
வேறொன்றுக்கு:
பென்சிலுக்கு.
ஒன்று நூற்றிருபத்தெட்டு டாலர்.

காற்று விழுந்த அன்று படகிலேயே சொன்னேன்.
பல்பையும் எரித்துக் காட்டினேன்.
இபுராம்சா சுக்கானை விடாமல் குனிந்து பார்த்தார்.
"அப்ப அவன் முட்டாள் இல்லையா?"
"இல்லண்ணே."
ரொம்ப நேரம் எஞ்சின்தான் பேசியது.

பிறகு தாடையால் அணியத்தைக் காட்டினார்.
மீன் கூட்டம் காட்டும் என்று
மானியத்தில் கொடுத்த கருவி,
ஒரே மழைக்காலத்தில் உப்பேறிச் செத்தது.
அதன் பெட்டிக்குள் இப்போது
வெற்றிலைப் பையும் ஒரு பழைய லுங்கியும்.
"அப்ப இதுக்கு என்ன சொல்றீக?"
என்னிடம் பல்புதான் இருந்தது.

அடுத்த வாரம் தூத்துக்குடியிலிருந்து
ஒரு மாணவன் வந்தான், படகுக்குப் புதுசு.
"பென்சில் ஒண்ணு என்ன விலைங்கிற தம்பி?
ஒரு லட்சம்! வாங்கினது யாரு?"
எஞ்சின் தணிந்தது.

"நூற்றிருபத்தெட்டு டாலர்" என்று கத்திவிட்டுக்
குதித்தேன்.
கேட்டிருக்காது.

கீழே பச்சை வெளிச்சம்.
கைநழுவிய பென்சில்
கயிற்றின் நீளம்வரை மேலே போய் நின்றது.
பிடித்திழுத்து எழுதினேன்:
மான்கொம்பு பதினான்கு.

திரும்ப எண்ணினேன்.
பதின்மூன்று.