பக்கத்து அறை காலி

லிஃப்டுக்கு எதிரே வேண்டாம் சார்.
பஃபே தளத்துக்கு நேர் கீழேயும் வேண்டாம்,
விடியுமுன்னே நாற்காலி இழுப்பார்கள்.
முன்முனை என்றால் நங்கூரச் சங்கிலி,
பின்முனை என்றால் எஞ்சின் நடுக்கம்.
நடுக்கப்பல், எட்டாம் தளம்,
மேலும் கீழும் உறங்குகிறவர்களே இருக்கிற இடமாக
ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

பலார்ட் எஸ்டேட் மாடியில்
ஆறு வருடமாக அமைதி விற்கிறேன்.
கப்பல் ஏறியதில்லை.
தளப்படத்தை மட்டும்
கைரேகை போல விரித்து வைத்துப் படிப்பேன்.

செம்பூர் சிதம்பரதாணு நான்கு முறை போன் செய்தார்.
என் பெயர் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.
"செண்பகவடிவா? எந்த ஊரு?"
சயான் கோலிவாடா.
"அதில்ல, சொந்த ஊரு?"
அதுதான் சார்.
"சரி, ரெண்டு ரூமுக்கும் நடுவுல ஒரு கதவு போட்டிருக்கே?"
பூட்டியிருக்கும் சார்.
"கதவப் பூட்டலாம், சத்தத்தப் பூட்ட முடியுமா?"
பக்கத்து அறை காலி. விற்காது.
நான் பொறுப்பு.
அவர் வைப்பதற்குள் பின்னாலிருந்து உலகம்மையின் குரல்:
"கொறட்ட விடுதது நீங்க.
பயப்பட வேண்டியது அந்தப் பக்கத்து ஆளு."

எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு,
சுவர் ஒற்றைச் செங்கல்.
இடது பக்கம் தள்வியின் இருமல்,
வலது பக்கம் மராத்தி சீரியல் மாமியார்.
விசிலை எண்ணியே
யார் வீட்டுக்கு விருந்தாளி என்று சொல்லிவிடுவோம்.
சண்டையைக்கூடக் காதோடுதான் போடுவோம்,
காலையில் அதே குழாயடியில் நிற்க வேண்டுமே.
அண்ணன் என் பேரில் கடன் வாங்கியது தெரிந்த இரவு
குக்கருக்காகக் காத்திருந்து,
அது ஊதுகிற நேரம் மட்டும் அழுதேன்.
மூன்று விசில். துவரம் பருப்பு.

விற்காத அறையை முதலாளி எனக்குத் தந்தார்.
"போய்ப் பார்த்துவிட்டு வா சம்பா,
பார்க்காமலே எத்தனை நாள் விற்பாய்?"
கோவா போய்த் திரும்ப இரண்டு இரவு.
மறுக்க நினைத்தேன்.
நினைத்ததோடு சரி.

கொலாபா விளக்குகள் அரிசி மணியாகி
அதுவும் போன பிறகு
கதவைத் தாழிட்டேன்.
ஏசியைத் தவிர எவரும் பேசவில்லை.
அலமாரியில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை.
அதை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

முதலில் மெல்லத்தான் சொன்னேன்,
அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை.
சுவர் ஏன் என்று கேட்கவில்லை.
கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.
பிறகு இன்னும்.
என் குரல் இத்தனை பெரிது என்று
முப்பத்துநாலு வருடமாக எனக்கே தெரியாது.
மாதம் ஏழாயிரத்து இருநூறு, அண்ணா,
நீ ஓட்டுகிற வண்டிக்கு,
நான் ஹார்பர் லைனில் தொங்கிக்கொண்டு போய்ச்
சம்பாதிக்கிற ஏழாயிரத்து இருநூறு.
மிதவைச் சட்டை தலை குனிந்தது,
அதன் வார் சரிந்ததால்.

டக். டக்.

நடுக்கதவு.

எத்தனை முறை தள்வியின் பக்கம் இப்படித் தட்டியிருப்பேன்.
இப்போது யாருக்கோ
நான் பக்கத்து அறை.
வெட்கம்தான்.
ஆனாலும் விளக்கை அணைத்துவிட்டுத்
தலையணைக்குள் ஒருமுறை சிரித்தேன்.
பிறகு கதவுக்கு அந்தப்புறம் குறட்டை தொடங்கியது.
நான் தட்டவில்லை.

காலை உணவில் அவரே என்னைப் பிடித்துக்கொண்டார்.
"ரூம் பிரமாதம்மா. ஆனா பக்கத்துல
யாரோ ஒரு பொம்பள, ராத்திரி பூரா கடன் கணக்கு.
காலின்னியே?"
கடைசி நேரத்தில் போய்விட்டது சார், மன்னிக்கணும்.
இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த உலகம்மை
நிமிராமல் சொன்னார்,
"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

அவர் ஜூஸ் எடுக்கப் போனதும்
சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.
"ஏழாயிரத்து எரநூறா?" என்றார்.
"மாசாமாசமா?"