ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே

ஃபிரெட்டுகளைப் பிடுங்கியது ரோடெலியோ.
டொராண்டோ விசா வந்த அவசரத்தில்
பள்ளங்களை அடைக்காமலே விற்றுவிட்டான்.
முந்நூறு திர்ஹாம், உறை கிடையாது.

இருபது பள்ளம்.
மேப்பிள் சீவலைச் செருகி, பசையிட்டு,
மிச்சத்தை அறுத்தெறிந்தேன்.
ஈட்டி மரத்தின் கருப்பில் இருபது வெள்ளைக் கோடுகள்.
பார்த்து நடக்கலாம்.
நடக்கத்தான் வேண்டுமென்று கட்டாயமில்லை.

அப்புறம்தான் கம்பித் தகராறு.

ரவுண்ட்வவுண்ட், சுருள் சுற்றியது:
நன்றாகப் பாடும், அரமும் அதுதான்.
விரல் நகர்ந்தால் சிர்ரென்னும்.
விட்டால் மூன்றே மாதத்தில்
மரத்தில் நாலு வாய்க்கால் வெட்டிவிடும்.
ஃபிளாட்வவுண்ட், பட்டை நாடா சுற்றியது:
வழுக்கும், மரத்துக்குப் பாவம் செய்யாது,
ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசும்.
ஷார்ஜா கடைக்காரர் கறுப்பு நைலானும் எடுத்துக் காட்டினார்.
விலை கேட்டேன்.
திரும்ப உள்ளே வைக்கச் சொன்னேன்.

மரத்துக்கு எண்ணெய் போதும் என்றார்.
எண்ணெயா?
உம் அல் குவைனில் ஆகஸ்ட் மாதம்
வெளியே சட்டையைப் பிழியலாம்,
உள்ளே ஏசி பதினெட்டில்.
கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும்
கிட்டாரின் கழுத்து ஒரு மூச்சு இழுத்து விடும்.

என்னிடம் எபாக்ஸி இருந்தது.
பதினோரு வருஷமாய்ப் படகு வயிற்றில் பூசுகிற கை.
ஃபோர்மேன் குல்சமான் கேட்டார்: எத்தனை அடிப் படகு?
இரண்டடி என்றேன்.
சிரிக்காமல் டப்பாவின் அடிமிச்சத்தைக் காலால் தள்ளினார்.

வெயிலில் கலந்தால் கோப்பையிலேயே கொதித்து இறுகும்.
ஆகவே விடியற்காலை நாலு மணி, ஏழு நாள், ஏழு பூச்சு.
நாலாம் பூச்சில் விழுந்த கொசு
பன்னிரண்டாம் கோட்டருகே இன்னும் பறக்கிறது.
தேய்த்து முடித்தபோது
ட்யூப்லைட் முழு நீளத்துக்கு அதில் படுத்துக்கிடந்தது.

இத்தனையும் ரவுண்ட்வவுண்டுக்காக.
மாட்டினேன்.
ஒவ்வொரு சுரமும் பிறந்த பிறகு வாய் திறந்தது,
கொட்டாவி விடும் பூனைபோல.
ஹெட்ஃபோனுக்குள் எனக்கு அது.
கீழ்க்கட்டிலில் உவைஸுக்கு, வெறும் சிர்ர்.

அவன் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் எலக்ட்ரீஷியன்.
நைட் ஷிஃப்ட். பகல்தான் அவனுக்கு ராத்திரி.
திட்டியிருந்தால் பரவாயில்லை.
துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக்கொண்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மறுவாரம் ஃபிளாட்வவுண்ட்.
ஏழு பூச்சும் தண்டம் என்று நானே என்னைத் திட்டினேன்.
பட்டைக் கம்பியைக் கண்ணாடித் தரையில் அழுத்தினால்
மங்கல்தான் வந்தது.
ஆனால் சீக்கிரம் அணையாத மங்கல்.

ஞாயிறு பகல்.
கிட்டாரின் தலை கட்டில் காலில் சாய்ந்திருந்தது,
இரும்புக் கட்டில், நான் கவனிக்கவில்லை.
உவைஸ் கண் திறக்காமல் சொன்னான்:
'ஏசிக்குக் கீழ நிக்கிறே.'
'என்னது?'
'இந்த ரூம் முழுக்க ஐம்பது ஹெர்ட்ஸ்ல முனகுது.
ஏசி, ஃபிரிட்ஜ், அங்க எங்க பம்ப்பும் அதே.
நீ கொஞ்சம் எறங்கி நிக்கிறே.
பல்லு கூசுது.'

ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.
தடித்த கம்பி. விரல் மூன்றாம் கோட்டின் மேல். ஜி.
வினாடிக்கு ஒரு தரம் அறை விம்மி அடங்கியது.
நாலாம் கோடு ஜி ஷார்ப். அது அதிகம்.
விரலை மெல்ல உருட்டினேன்.
விம்மல் தாமதித்தது.
இன்னும் தாமதித்தது.
கோட்டிலிருந்து ஒரு விரல் அகலம் போனதும்
நின்றுவிட்டது.

அங்கே கோடு கிடையாது.
ரோடெலியோ பிடுங்கிய இருபதில்
ஒன்றுகூட அந்த இடத்தில் இருந்ததில்லை.
கட்டிலும் சுவரும் தண்ணீர்க் கேனும்
இப்போது ஒரே வாய்.

'ம்' என்றான் உவைஸ்.
காதிலிருந்து துண்டு நழுவியது.

நான் வேறு சுரம் தேடவில்லை.
கொஞ்ச நேரத்தில் கம்ப்ரெஸர் தானாக ஓய்ந்தது.
அதன் சுருதியைப் பிடித்துக்கொண்டு
என் கம்பி மட்டும் நின்றது,
எபாக்ஸி விட்ட அளவுக்கு.