பதினான்காம் எண் படகு

காலை ஒன்பதுக்கு அணையடியில் இறக்கிவிடுவேன்.
மாலை ஐந்துக்குக் கல்பாலத்தில் ஏற்றிக்கொள்வேன்.
நடுவில் ஓடும் பன்னிரண்டு கிலோமீட்டர்
என் சம்பளத்தில் சேராது.

பதினோரு கோடையாக இதே வேன்.
பின்னால் இழுவண்டியில் கனூக்கள்,
உரித்துக் கவிழ்த்த பட்டாணித் தோல்கள் மாதிரி.
ரெஜீன் காசு வாங்கிக்கொண்டு எண் கொடுப்பாள்.
நான் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்து மாட்டி
மூச்சு முட்டுகிறதா என்று கேட்பேன்.
முட்டினால் சரியான அளவு.

எனக்கு நீச்சல் தெரியாது.
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் ஆற்றை அறிவேன்.
திரும்பும் வழியெல்லாம் ஈர இருக்கைகளிலிருந்து
சொல்லிக்கொண்டே வருவார்கள்:
முதல் வளைவில் முழங்கால் நீரில் நிற்கும் பசுக்கள்,
பாப்ளார் மரங்களுக்கு நடுவே
வந்து வந்து ஒளியும் இடிந்த கோட்டை,
சுண்ணாம்புப் பாறையில் யாரோ குடைந்த குகைகள்,
மூன்றாம் வளைவில் அந்த நாரை.

நாரை எல்லோருக்கும் காட்சி தந்தது.
பெல்ஜியத்துக்காரர் ஒருவரை அது உற்றுப் பார்த்ததாம்.
லிமோஜ் பல் மருத்துவர் எடுத்த படத்தில்
இலைகள்தான் இருந்தன; கை ஆடிவிட்டது என்றார்.
ஒரு சிறுமி அதற்குப் பெயர் வைத்தாள்.
எவ்வளவு கேட்டும் எனக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் கடைசி வியாழன்
ஐந்து மணிக்குப் பதினைந்து படகுகள் வந்தன.
பதினான்கு வரவில்லை.
ஐந்தரை.
ஆறு.
பாலத்தின் நிழல் எதிர்க்கரையில் ஏறிவிட்டது.
போய்ப் பார் என்றாள் ரெஜீன், போனில்.

தூண்டில்காரர்களின் ஒற்றையடிப் பாதை
மூன்றாம் வளைவருகே ஆற்றோடு கோபித்துக்கொண்டு
மக்காச்சோளத்துக்குள் போய்,
மேலே வெகு தூரம் தள்ளித்தான் சமாதானமாகிறது.
காஞ்சொறி காலைக் கடிக்க
"ஓய், பதினாலு!" என்று
மனிதரை எண்ணால் கூப்பிட்டபடி நடந்தேன்.

கூழாங்கல் திட்டில் அக்காளும் தங்கையும்.
அர்மெல், பெரான்ஜேர்.
இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது.
துடுப்பு ஒன்று ஆற்றோடு போயிருந்தது.
அதற்காக வருந்திய அடையாளம் ஏதுமில்லை.
காகிதப் பையில் மிராபெல் பழங்கள்;
கொட்டையை யார் தூரமாகத் துப்புவது என்று பந்தயம்.
"வாருங்கள், உட்காருங்கள்," என்றாள் தங்கை,
வீட்டுக்கு வந்தவனைச் சொல்வது போல.

கரை வழியாகவே நடந்துவிடலாமே என்றேன்.
அக்காள் வெறுங்காலைத் தூக்கிக் காட்டினாள்.
ஒரு செருப்பும் துடுப்புக்குத் துணையாகப் போயிருந்தது.

ஜாக்கெட் இரண்டு, ஆள் மூன்று.
எனக்கு நீச்சல் தெரியாது என்று
அன்றுதான் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.
பெரான்ஜேர் சிரிக்கவில்லை.
தன்னுடையதைக் கழற்றி என் மேல் போட்டு
வாரை இழுத்து மாட்டினாள்.
"முட்டுகிறதா?"
"முட்டுகிறது."

நடுவில் குந்தினேன்.
நீர் இத்தனை அருகில், இத்தனை சத்தமில்லாமல்
போகும் என்று எவரும் சொல்லவில்லை.
கோட்டை வந்தது. நான் நினைத்ததில் கால்பங்கு.
அதன் மணம், மன்னிக்கவும், ஆற்றின் மணம்
புதினாவும் சேறும்;
இதையும் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

மூன்றாம் வளைவு.
உஷ் என்றாள் அர்மெல்.

பாறை இடுக்கில் பட்டுப்போன ஒரு கிளை.
ஏதோ வெள்ளம் செருகிவிட்டுப் போனது.
சாம்பல் நிறம்,
கழுத்துக்கு ஒரு வளைவு, அலகுக்கு ஒரு முறிவு.

இருந்த ஒரே துடுப்பை அவள் மடியில் எடுத்துக்கொண்டாள்.
அதன் நுனியிலிருந்து சொட்டுகள் விழுவது கேட்டது.
மூவரும் அதைக் கடக்கும்வரை
மூச்சு விடவில்லை.
"பார், பயப்படவே இல்லை," என்றாள் மெல்ல.
"ஆமாம்," என்றேன்.

பாலத்தில் ரெஜீன் கைகட்டி நின்றிருந்தாள்.
துடுப்புக்கு முப்பது யூரோ பிடித்தாள்.
ஜாக்கெட்டோடு நான் இறங்கியதைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலை இருபத்திரண்டு பேர்.
மூன்றாம் வளைவில் துடுப்பை உள்ளே எடுங்கள்,
பேசாமல் போங்கள், இடப்பக்கம் பாருங்கள் என்றேன்.
அங்கே என்ன என்று கேட்டான் ஒரு பையன்.

அவன் வாரை இன்னொரு துளை இழுத்து மாட்டினேன்.